வடக்குச் சந்தில் டிசம்பர் பூ

அம்பாசமுத்திரம்
18.6.2000

அன்புள்ள சம்பந்தி மாமிக்கு, கோமதியின் நமஸ்காரம்.

இங்கே நானும் இவரும் சௌக்கியம். நீங்களும் மாமாவும் மாப்பிள்ளை தேஜஸும் வைஷுவும் சௌக்கியமாக இருக்க வேண்டும். மாமாவுக்கு முழங்கால் வலி மழைக்கு அதிகமாகியிருக்குமே, எண்ணெய் தடவிக்கொள்கிறாரா?

இதையெல்லாம் போனில் கேட்டிருக்கலாம். என் வலது காது போனில் பாதிதான் கேட்கிறது, மீதியை நானாக ஊகித்துக்கொண்டு பதில் சொல்கிறேன். போன வாரம் அப்படித்தான் வைஷு ஏதோ கேட்க, நான் "மோர்க்குழம்புக்கா?" என்று கேட்டு அவள் சிரித்துவிட்டாள். தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவளுக்குக் கடிதம் எழுதுவதில் என்ன சிரமம்.

விஷயம் இதுதான். வைஷு டிசம்பர் பூச் செடியின் குச்சிகள் வேண்டும் என்றாள். தலையில் வைத்துக்கொள்ளவா என்று கேட்டேன். இல்லையாம், வண்ணத்துப்பூச்சி வருவதற்காம். ஆபீஸில் கூட வேலை பார்க்கும் ஃபேபியோலா என்ற பெண் இந்தச் செடி நிழலிலும் வளரும், நம் நாட்டுச் செடி, வண்ணத்துப்பூச்சிக்கு ரொம்பப் பிடிக்கும் என்று சொன்னாளாம். உங்கள் ஃப்ளாட்டுக்கு வடபுறம் வெயில் விழாத சந்து ஒன்று சும்மாக் கிடக்கிறதாமே. உங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்றால் அதில் வைக்கட்டும். பூனாவுக்கு வரும் என் தம்பி பிள்ளை கிட்டுவிடம் ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். இங்கே வேலியோரம் கேட்பாரில்லாமல் கிடக்கிற செடி, நீங்கள் இடம் கொடுத்தால் அதற்கு மரியாதை.

வைஷு உங்களுக்குத் தொந்தரவு கொடுக்காமல் இருக்கிறாளா? எழுதுங்கள்.

இப்படிக்கு,
கோமதி


ஹடப்சர், பூனா
9.7.2000

அன்புள்ள கோமதி மாமிக்கு, ரமா எழுதியது.

உங்கள் கடிதமும் குச்சிகளும் வந்தன. இங்கே எல்லாரும் நலம். இவருக்கு முழங்கால் வலி இருக்கிறது, ஆனால் பேப்பர் வாங்க மட்டும் நடந்துவிடுகிறார். மாமாவின் ரத்த அழுத்தம் எப்படி?

ஆட்சேபணை என்ன ஆட்சேபணை. அந்தச் சந்து ஒரு சனியன். பக்கத்துக் கட்டிடம் ஆறு மாடி, காம்பவுண்டுச் சுவருக்கும் நம் சமையலறை ஜன்னலுக்கும் நடுவில் ஆறடி இடம். துளசி வைத்தேன், போயிற்று. கொத்தமல்லி போட்டேன், முளைக்கவே இல்லை. வைஷுவிடம் "நீ எடுத்துக்கோ" என்று தாராளமாகச் சொல்லிவிட்டேன்.

கிட்டு கொடுத்துவிட்டுப் போன அன்றைக்கு நல்ல மழை. வைஷு பாணேரில் ஆபீஸ் முடிந்து இரண்டு பஸ் மாறி வருவதற்குள் இருட்டிவிடும், ஞாயிறு வரைக்கும் வைத்திருந்தால் குச்சி காய்ந்துவிடுமே என்று நானே மண்ணைக் கிளறி, செங்கல் பொறுக்கி, வரிசையாக நட்டுவிட்டேன். கோடு பிடித்தது போல இருக்கிறது. வைஷு வந்து பார்த்துவிட்டு, "நான் வெக்கணும்னு இருந்தேம்மா" என்றாள். "ஆபீஸ்லேர்ந்து களைச்சு வரே, உனக்கெதுக்கு சேறு?" என்றேன். எல்லாம் வேர் பிடித்துவிட்டது. என் கை ராசி.

சும்மா இருக்க எனக்கு வராது, மாமி. இவர் ரிட்டயர் ஆனதிலிருந்து நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை, அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் வேகம் வருகிறது. டிசம்பரில் பூத்ததும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

உங்கள் ரமா


அம்பாசமுத்திரம்
13.8.2000

அன்புள்ள சம்பந்தி மாமிக்கு நமஸ்காரம். எல்லாரும் சௌக்கியம்தானே? இவருடைய ரத்த அழுத்தம் மாத்திரையால் அடங்கியிருக்கிறது, கோபம்தான் அடங்கவில்லை.

உங்கள் கடிதம் படித்துச் சிரித்தேன். கோடு பிடித்தது போல நட்டிருப்பீர்கள், சந்தேகமே இல்லை. வைஷு சின்ன வயசிலிருந்தே எதையும் கோணல்மாணலாகத்தான் நடுவாள். கோணலாக இருந்தாலும் தான் நட்டது என்று நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிள்ளையில்லாத குறையை இந்தச் செடியாவது தீர்க்கட்டும் என்று எங்கள் போஸ்ட் மாஸ்டர் மனைவி சொன்னாள். அவள் வாயை மூட எனக்குத் தெரியவில்லை.

இங்கே எங்கள் முருங்கை மரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி. கிணற்றடிக்குப் போக முடியவில்லை. எனக்குக் கழுத்தெல்லாம் தடித்துவிட்டது. இவர் கழியின் நுனியில் பழைய வேஷ்டியைச் சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்து, பந்தம் கொளுத்தி, கொத்துக் கொத்தாகப் பொசுக்கித் தள்ளினார். தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. ரத்த அழுத்தக்காரர் செய்கிற வேலையா இது என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

வைஷு சாப்பிடுகிறாளா? போனில் குரல் சோர்வாக இருந்தது, அல்லது என் காதுக்கு அப்படிக் கேட்டது.

கோமதி


ஹடப்சர்
3.9.2000

அன்புள்ள கோமதி மாமிக்கு ரமா எழுதியது. இங்கே நலம். உங்கள் கழுத்துத் தடிப்பு இறங்கிவிட்டதா?

நீங்கள் எழுதியது எவ்வளவு சமயத்தில் வந்தது தெரியுமா? செடி முழங்காலளவு வளர்ந்து தளதளவென்று நின்றது. போன வாரம் பார்க்கிறேன், இலையெல்லாம் சல்லடை. திருப்பிப் பார்த்தால் கறுப்புக் கறுப்பாக, உடம்பு முழுக்க முள்ளோடு கம்பளிப்பூச்சி. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வேலைக்கு வரும் மௌஷியைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவளும் "சுர்வண்ட், தாயி, ஹாத் லாவூ நகா" என்று பின்னால் போய்விட்டாள், கம்பளிப்பூச்சி, தொடாதே என்கிறாள். இலை போனால் பூ ஏது, பூ இல்லாவிட்டால் வைஷுவின் வண்ணத்துப்பூச்சி எதைத் தேடி வரும்?

மாமா செய்தது ஞாபகம் வந்தது. துடைப்பக் கழியில் இவருடைய பழைய வேஷ்டியைச் சுற்றினேன். மண்ணெண்ணெய் டப்பாவில் அடியில் கொஞ்சம் இருந்தது. ஒன்றையும் விடவில்லை. செடி கொஞ்சம் கருகிற்று, துளிர்த்துவிடும். வைஷு வருவதற்குள் பெருக்கி, தண்ணீர் விட்டு, சந்தைச் சுத்தமாக்கிவிட்டேன்.

அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். "எல்லாத்தையுமா?" என்றாள். "ஒண்ணு பாக்கியில்லை" என்றேன். தலையை வலிக்கிறது என்று சாப்பிடாமல் படுத்துவிட்டாள். தேஜஸிடம் என்ன சண்டையோ, அவன் முகமும் சரியில்லை. நீங்கள் போனில் பேசும்போது, நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள்.

ரமா


அம்பாசமுத்திரம்
1.10.2000

அன்புள்ள சம்பந்தி மாமிக்கு நமஸ்காரம். இங்கே சௌக்கியம், அங்கே எல்லாரும் சௌக்கியம் என்று நினைக்கிறேன்.

நவராத்திரி ஆரம்பித்துவிட்டது. கொலு வைத்தீர்களா? போன வருஷம் வைஷு கொலுப்படிக்குப் பக்கத்தில் பார்க் போட்டதாகச் சொன்னாள். இந்த வருஷம் யார் போட்டது?

அந்தப் பூச்சிகளைப் பற்றி அவள் சொன்னதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன். அவை கம்பளிப்பூச்சி இல்லையாம். அந்த வண்ணத்துப்பூச்சியின் குஞ்சுகளாம். பழுப்புச் சிறகில் கண் மாதிரிப் புள்ளி போட்ட ஒரு ஜாதி, இந்தச் செடியின் இலையில் முட்டையிடும், புழு இலையைத் தின்று வளர்ந்து கூடு கட்டி, பிறகுதான் சிறகு. முள் பார்க்கத்தான் பயம், தொட்டால் ஒன்றும் செய்யாதாம். அவள் பூவுக்காகச் செடி வைக்கவில்லை, இலைக்காக வைத்திருக்கிறாள். எனக்கும் இது தெரியாது, மாமி. டிசம்பர் பூ என்றால் நான் பூவைத்தான் நினைப்பேன்.

முட்டை வைத்ததிலிருந்து தினமும் காலையில் ஆபீஸ் போகுமுன் போய்ப் பார்ப்பாளாம். உங்களிடம் சொல்லச் சொல்லி மாப்பிள்ளையிடம் சொல்லியிருந்தாளாம்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

கோமதி


ஹடப்சர்
30.10.2000

அன்புள்ள கோமதி மாமிக்கு ரமா எழுதியது. எல்லாரும் நலம். பதில் தாமதமாகிவிட்டது, கொலு, அப்புறம் தீபாவளி என்று வேலை சரியாக இருந்தது.

குஞ்சு என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். எனக்கு யார் சொன்னார்கள்? தேஜஸ் மறந்துவிட்டானாம். ஒரே வீட்டில் இருக்கிறவள் மாமியாரிடம் நேரே சொல்ல மாட்டாளா? நான் என்ன புலியா? வேலை செய்தவளுக்குத்தான் கெட்ட பெயர். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மனுஷரை யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

வைஷு நன்றாக இருக்கிறாள். ஆபீஸில் புது பிராஜெக்ட், வேலை நெருக்கடி, அதனால் கொஞ்ச நாள் அந்த ஃபேபியோலாவோடு பாணேரில் தங்கிக்கொள்கிறாள். தினம் இரண்டு பஸ் மாறுவது அலைச்சல்தானே. நான்தான் "போய் இரு" என்றேன். தீபாவளிக்கு வந்தாள். விடிகாலையில் நானே எண்ணெய் வைத்தேன், மயில்கழுத்துக் கலரில் புடவை கட்டிக்கொண்டாள். எல்லாரும் சந்தோஷமாக இருந்தோம்.

செடிகள் துளிர்விட்டிருக்கின்றன. வேறு விசேஷமில்லை.

ரமா


அம்பாசமுத்திரம்
12.11.2000

அன்புள்ள சம்பந்தி மாமிக்கு நமஸ்காரம். உங்கள் உடம்பும் மாமாவின் உடம்பும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

பெண்ணைப் பெற்றவள் எழுதக் கூடாத கடிதம் இது. எழுதிவிட்டு, கிழிக்க மனம் மாறுவதற்குள் நானே முத்திரை குத்திப் பையில் போட்டுவிடப் போகிறேன்.

தீபாவளியன்று காலை ஏழு மணிக்கு வைஷு பாணேரிலிருந்து போன் செய்தாள். ஃபேபியோலா ஊருக்குப் போய்விட்டாளாம், தனியாக இருந்தாள். எண்ணெய் தேய்த்துக்கொண்டாயா என்று கேட்டேன், அழுதுவிட்டாள். அது எனக்கு நன்றாகவே கேட்டது. செப்டம்பர் மாதமே அவள் வீட்டை விட்டுப் போனது எனக்குத் தெரியும். நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். இவருக்குச் சொல்லவில்லை, ரத்த அழுத்தக்காரர்.

நீங்கள் கொடுமைக்காரி என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. "அவா ரொம்ப நல்லவா, அதுதாம்மா கஷ்டம்" என்றாள். அவள் டிபன் டப்பாவை நீங்கள் கட்டிவிடுகிறீர்கள். அவள் பீரோவை நீங்கள் அடுக்கிவிடுகிறீர்கள். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆயிற்று என்று அவளைக் கேட்காமலே டாக்டரிடம் நேரம் வாங்கி, ஆட்டோவையும் வாசலில் நிறுத்திவிட்டீர்கள். எல்லாம் அன்பினால்தான், எனக்குத் தெரியும். ஆனால் அந்த வீட்டில் அவள் கை வைக்க ஓர் இடம் மிச்சமில்லை. அந்தச் சந்து ஒன்றுதான் அவளுடையது என்று நினைத்திருந்தாள். அதில் நட்டதும் நீங்கள், பொசுக்கியதும் நீங்கள்.

பொசுக்கியதில் எனக்கும் பங்கு உண்டு. அந்தப் பந்தத்தைக் கடிதத்தில் வைத்து அனுப்பியவள் நான்தான். அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கோபித்துக்கொள்வீர்கள். கோபத்தோடாவது பதில் எழுதுங்கள்.

கோமதி


ஹடப்சர்
21.1.2001

அன்புள்ள கோமதி மாமிக்கு ரமா எழுதியது. இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே இருவரும் சௌக்கியமா?

உங்கள் கடிதத்துக்கு மூன்று பதில் எழுதிக் கிழித்தேன். முதலாவதில் உங்கள் வளர்ப்பைப் பற்றி நிறைய எழுதியிருந்தேன். அது உங்களுக்கு வராமல் போனதே நல்லது. எனக்குக் கோபம் வந்தால் கை ஓடும். அலமாரி எல்லாவற்றையும் இறக்கித் துடைத்து, துடைத்ததையே மறுபடி துடைத்தேன். மௌஷி என்னைப் பார்த்துப் பயந்து இரண்டு நாள் வரவில்லை.

தேஜஸிடம் கேட்டேன். "ஏண்டா, புழுவைப் பத்தி என்கிட்ட சொல்லச் சொன்னாளாமே, மறந்துட்டியா?" டிவியைப் பார்த்துக்கொண்டே, "மறக்கலை" என்றான். "பின்னே?" "சொன்னா நீ கேக்க மாட்டியேம்மா. நீ ஏதாவது செய்வே. புழுவை எண்ணி டப்பாவுல போட்டு வெப்பே." நான் அதைத்தான் செய்திருப்பேன், மாமி. மூடியில் ஓட்டை போட்டு, தினம் புது இலை போட்டு வைத்திருப்பேன்.

அவன் சனிக்கிழமை தோறும் பாணேர் போகிறான். ஞாயிறு சாயங்காலம் வந்துவிடுகிறான். பெண்டாட்டியைப் பார்க்க விருந்தாளி மாதிரிப் போய் வருகிறவனை நான் இப்போதுதான் பார்க்கிறேன். அங்கேயே இருந்துவிட ஆசை, என்னை விட்டுப் போகப் பயம். ஒரே பிள்ளை. மூஞ்சி தொங்கிக் கிடக்கிறது.

பொங்கலன்று பால் பொங்கும்போது நானும் இவரும் மட்டும் நின்றோம். இவர் "பொங்கலோ பொங்கல்" என்று மெதுவாகச் சொன்னார், பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல. மறுநாள் காக்காய்க்குக் கனுப்பிடியும் நானே தனியாக வைத்தேன்.

டிசம்பர் முழுக்கச் செடி பூத்தது. ஊதாவாகக் கொட்டிக் கிடந்தது. நான் ஒன்றுகூடப் பறிக்கவில்லை. நான் என்ன செய்ய வேண்டும்? நேரே பாணேர் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வரட்டுமா? மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றால் கேட்டுவிடுகிறேன். ஏதாவது சொல்லுங்கள், எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ரமா


அம்பாசமுத்திரம்
4.2.2001

அன்புள்ள ரமா மாமிக்கு நமஸ்காரம். இங்கே சௌக்கியம். உங்கள் கடிதம் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டீர்கள். ஒன்றும் செய்யாதீர்கள். போகாதீர்கள், கூப்பிடாதீர்கள், மன்னிப்பும் வேண்டாம். நீங்கள் மன்னிப்புக் கேட்டால் அவள் அந்த நிமிஷமே பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள், பெரியவர்களைக் கேட்க வைத்துவிட்டோமே என்று. பிறகு அடுத்த வருஷம் மறுபடி போவாள். அப்போது மாப்பிள்ளைக்குச் சனிக்கிழமையும் மிஞ்சாது.

செடிக்கும் அதே மாதிரிதான் என்கிறாள் வைஷு. வெயில் காலத்தில் வாடினால் கொஞ்சம் தண்ணீர். வெட்ட வேண்டாம், கீழே விழுந்த இலையைப் பெருக்க வேண்டாம், மருந்து கூடவே கூடாது. மழை வந்தால் பூச்சி தானே தேடி வருமாம். இலை சல்லடையானால் நல்லது நடக்கிறது என்று அர்த்தமாம். அப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பேன், செடியை மட்டும் பார்த்துவிட்டுப் போவேன் என்றாள். வந்தால் காப்பிக்குக் கூப்பிடாதீர்கள்.

பெருக்காமல் இருப்பது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று நினைத்து, கவுண்டரில் உட்கார்ந்தபடி சிரித்துவிட்டேன். பிறகு உங்கள் பொங்கலை நினைத்து வருத்தமாக இருந்தது.

கோமதி


ஹடப்சர்
5.8.2001

அன்புள்ள கோமதி, நலம்தானே? உன்னை மாமி என்று கூப்பிட்டு எதற்கு இவ்வளவு மரியாதை என்று தோன்றிவிட்டது. என்னைவிட நீ இரண்டு வயசு சின்னவள். நீயும் என்னைப் பெயர் சொல்லியே எழுது.

ஆறு மாதமாக எழுதவில்லை. எழுத ஒன்றும் நடக்கவில்லை, நடக்கவிடாமல் பார்த்துக்கொண்டேன். அதைவிடப் பெரிய வேலை நான் என் வாழ்நாளில் செய்ததில்லை. சந்தில் இலை மக்கி, நத்தை ஊர்ந்து, எட்டிப் பார்த்தால் என் கை துடைப்பத்துக்குப் பறக்கும். ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுவேன். சொசைட்டி செக்ரட்டரி மருந்து அடிக்கிற ஆளோடு வந்தபோது, "ஹே மாஜ்யா ஸுனேச்ச ஆஹே" என்று சொல்லி வழியில் நின்றுவிட்டேன். என் மாட்டுப்பெண்ணுடையது, தொடக் கூடாது என்று அர்த்தம்.

ஜூலை நடுவில் இலையில் ஓட்டை விழுந்தது. பார்த்ததும் முதலில் பயமாக இருந்தது, உடனே சந்தோஷமாகவும் இருந்தது. தேஜஸிடம் "வந்துடுத்துன்னு அவகிட்ட சொல்லு" என்றேன். இந்தத் தடவை அவன் சொல்லிவிட்டான்.

அந்த ஞாயிறு வைஷு வந்தாள். வாசல் வழியாக வரவில்லை, வாட்ச்மேனிடம் சொல்லி நேரே சந்துக்குப் போனாள். மழைத் தூறலில் குந்தி உட்கார்ந்து ஒவ்வோர் இலையாகப் புரட்டினாள். இளைத்துவிட்டாள், கோமதி. நான் சமையலறை ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றேன். என்னை அறியாமல் காப்பி கலந்திருந்தேன். டவராவைக் கையில் வைத்துக்கொண்டு அவள் போகிற வரைக்கும் நின்று, ஆறினதை நானே குடித்தேன். அவள் நிமிர்ந்து பார்க்காமல் போய்விட்டாள். ஒரு குடையாவது நீட்டியிருக்கலாம் என்று சாயங்காலம் வரை அழுதேன்.

அடுத்த ஞாயிறும் வந்தாள். அன்றைக்கு ஜன்னல் பக்கம் திரும்பி, "அம்மா, உள்ள இருக்கேளா?" என்றாள்.

"இருக்கேன்."

"ஒண்ணு கூடு கட்டியிருக்கு. பாக்கறேளா?"

செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். இலைக்கு அடியில் காய்ந்த சருகு மாதிரி ஒன்று தலைகீழாகத் தொங்கிற்று. நானாக இருந்தால் குப்பை என்று கிள்ளிப் போட்டிருப்பேன். "தொடலாமா?" என்று கேட்டேன். "வேண்டாம்மா" என்றாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். இரண்டு பேரும் அப்படியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் முடியில் தூறல் துளிகள் நின்றன. துடைத்துவிடத் தோன்றிற்று, செய்யவில்லை. போகும்போது, "பாணேர்ல ஒரு ரூம் ஹால் கிச்சன் பாத்திருக்கேன், எத்தனை நாள் ஃபேபியோலா வீட்லயே இருக்கறது" என்றாள். தன் ஒருத்திக்கா, இரண்டு பேருக்கா என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் தேஜஸைக் கூப்பிட்டேன். "நீயும் அங்க போயிடு" என்றேன். முதலில் புரியாதது போல விழித்தான். பிறகு, "நீ என்னம்மா பண்ணுவே?" என்றான். "அப்பா இருக்கார். அவர் நாற்காலியைத் துடைச்சிண்டு இருப்பேன். நீ போ, அவளை இங்க வரச் சொல்லாதே, நீ போ" என்றேன். இருபத்தொன்பது வயசுப் பிள்ளை, என் புடவைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பெட்டி கட்டப் போனேன். "நானே கட்டிக்கறேம்மா" என்றான். சட்டையைச் சுருட்டி அடைப்பதைப் பார்த்துக்கொண்டு கதவுப் பக்கம் நின்றேன். குக்கரும் ஃபில்டரும் அஞ்சறைப் பெட்டியும் எடுத்து வைத்திருந்தேன். திரும்ப உள்ளே வைத்துவிட்டேன். கேட்டால் கொடுப்பேன்.

நேற்றுப் போய்விட்டான். வீடு ஹோவென்று இருக்கிறது. இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "ரெண்டு பேருக்குத்தானே, ரசம் மட்டும் வை போறும்" என்றார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

ஓர் உதவி செய். அவர்கள் வீட்டுக்கு நான் எப்போது போகலாம் என்று வைஷுவைக் கேட்டு எனக்கு எழுது. நான் கேட்டால் "இப்பவே வாங்கோம்மா" என்பாள். உன்னிடம்தான் நிஜம் சொல்வாள். வேண்டாம் என்றாலும் வேண்டாம் என்றே எழுது.

ரமா


அம்பாசமுத்திரம்
14.8.2001

அன்புள்ள ரமா,

இப்படி எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதிவிட்டேன். இவருக்கு முந்தாநாள் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "பிள்ளையைப் பெத்தவ இப்படியும் செய்வாளா?" என்றார். இரண்டு நாளாகக் கோபமே இல்லாமல் இருக்கிறார். நீயும் மாமாவும் வேளைக்குச் சாப்பிடுங்கள், ரசத்தோடு நிறுத்திக்கொள்ளாதே.

வைஷுவிடம் கேட்டேன். நல்ல காதில் ரிசீவரை வைத்துக்கொண்டு, அவள் சொன்னதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டேன். முதலில், "அவாளா கேட்டா? எப்ப வரலாம்னா கேட்டா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

அவள் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். "இந்த மாசம் வேண்டாம்மா. எங்களுக்குக் கொஞ்ச நாள் வேணும். செப்டம்பர் ரெண்டாம் தேதி, ஞாயித்துக்கெழமை, மத்தியானம் வரச் சொல்லு. நான்தான் சமைக்கப் போறேன். சுமாராத்தான் இருக்கும். ஒண்ணும் பண்ணி எடுத்துண்டு வர வேண்டாம்னு சொல்லு."

வெறுங்கையோடு போ, ரமா.

கோமதி